ரூம் காலி இல்லை என்று தண்ணீரிடம் சொன்னவள்

தினேஷு, நலமா என்று கேட்கப் போவதில்லை. காலையில்தான் ஃபோனில் கேட்டேன், நீயும் "நல்லா கீறேன்மா, அப்புறம்?" என்றாய். அந்த "அப்புறம்" இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன். நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து, வழியில் நாலு வீட்டுக்குள் நுழைந்து, யாருக்கு எங்கே பெண் பார்த்தார்கள் என்பதையும் சொல்லி, முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் நீ மூன்று அப்புறம் போட்டுவிடுவாய். கடிதத்தில் அப்படிப் போட முடியாது. நீ புனேவுக்கு மாற்றலாகிப் போன பிறகு உன்னிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இன்னாமா பின்னாடி ஒரே இடிக்கிற சத்தம்" என்று நீ கேட்டபோதெல்லாம் ஏகாம்பரம் வீட்டில் மாடி கட்டுகிறார்கள் என்றேன். அது ஏகாம்பரம் வீடு இல்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். யாருக்கும் காட்டாமல் ஒட்டி அனுப்பிவிட வேண்டும் என்று உறுதியாகத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிந்ததுமே எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தெருச் சரோஜாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஆகவே இது தெருவுக்கே தெரிந்த கடிதம். யார் கேட்டாலும் படிப்பேன். நான் செய்ததையும் தெருவுக்கு நடுவில்தானே செய்தேன்.

உன் கிடாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் சேர்ந்து முதல் போனஸில் அதை நீ வாங்கி வந்த அன்று, "இதை வாசிச்சா இன்கிரிமெண்ட் குடுப்பாங்களாடா" என்று கேட்டவள் நான். அதோடு விட்டேனா. வாலாஜாபாத்திலிருந்து உன்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தபோது அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண்ணுடைய மாமா குனிந்து பார்த்து என்ன என்று கேட்டார். "கம்பெனி சாமான், ரிப்பேருக்கு எடுத்தாந்திருக்கான்" என்றேன். நீ ஒரு இமைகூட அசைக்காமல், "ஆமா சார், லைன்ல முக்கால்வாசி பேருக்கு இதான் குடுத்திருக்காங்க" என்றாய். அந்தச் சம்பந்தம் அத்தோடு போனது. போனதும் நல்லதுதான். அந்தப் பெண் இப்போது மறைமலை நகரில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு இருக்கிறாளாம். அவருக்கே பல்லைக் கடித்துக்கொண்டுதான் காலம் போகிறது என்று கேள்வி. நான் சொல்ல வந்தது அதுவல்ல. நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதுதான். அன்றைக்கே அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் நம் வீட்டுக்குப் பின்னால் நாம் வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில் உங்கள் கச்சேரி தொடங்கியது. ஆறு ரூம், ஆறிலும் ஷிஃப்ட்டுக்குப் போகிற பையன்கள், அதில் அஞ்சாம் நம்பரில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த முத்துப்பாண்டி. பகலில் பிரேக் பாகங்களைச் சோதிக்கிறவன், ஊரிலிருந்து ஓர் உறுமியைத் துணிமூட்டைபோலச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதன் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது யாருக்கோ வயிற்று வலி என்று நினைத்து ஓம வாட்டரோடு ஓடினேன். உன் கிடாரும் அவன் உறுமியும் சேர்ந்து, ரெண்டு பேரும் ஓ.டி. பார்த்த காசில் மைக் வாங்கி, அஞ்சாம் நம்பரையே ஸ்டூடியோ ஆக்கினீர்கள். எதிரொலிக்கக் கூடாது என்று ஆறு ரூம் மெத்தையையும் பிடுங்கிச் சுவரில் சாத்தினீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பையன் ஒருத்தன் தன் மெத்தையைத் தேடி வந்து, அது நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அதில் சாய்ந்தபடியே நின்று தூங்கினான். எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. நீங்கள் எந்தப் பாட்டைப் பதிவு செய்தாலும் நடுவில் ஒரு தவளை கத்தியது. ரூமைக் கழுவிப் பார்த்தீர்கள், மூலையில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தீர்கள். தவளை தரைக்கு அடியில் எங்கேயோ இருந்தது. "இருக்கட்டும்க்கா, அதுவும் ஒரு ஆர்ட்டிஸ்ட்டு" என்றான் முத்துப்பாண்டி. தரைக்கு அடியில் தவளைக்கு என்ன வேலை என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. யோசிக்காமல் இருப்பதில் எனக்குப் பல வருஷப் பயிற்சி இருந்தது.

ஏழு பாட்டு. அதில் அந்த நாலாவது பாட்டை நீ முதலில் எனக்குத்தான் போட்டுக் காட்டினாய், ஆல்பம் வெளியே வருவதற்கு முன்பே என் ஃபோனிலும் ஏற்றிக் கொடுத்தாய். மேட்டில் பெய்த மழைத்தண்ணீர் ஏரிக்குப் போக வழி தெரியாமல் ஆள் ஆளாக அட்ரஸ் கேட்டுக்கொண்டு வருகிற பாட்டு. முதலில் ஒரு கம்பெனி கேட்டில் கேட்கிறது, செக்யூரிட்டி ஐடி கார்டு எங்கே என்கிறான். அடுத்து டோல்கேட்டில் கேட்கிறது, ஃபாஸ்டாக் இல்லை என்று ஓரம் கட்டுகிறார்கள். மூன்றாவதாக ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறது:

வாசல்ல தண்ணி நின்னு கேட்டா
லைன் வூட்டு அக்கா சொல்லுச்சு,
ரூமு காலி இல்ல, போர்டப் பாரு,
யார்ரா அது, மோட்டார ஆஃப் பண்ணு.

நான் சிரித்தேன் பார், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி சிரித்தேன். ஏகாம்பரம் பெண்டாட்டியை இதைவிட நன்றாக யாரும் பாடியிருக்க முடியாது என்று தோன்றியது. நம் தெருவில் லைன் வீடு கட்டியிருக்கிற இன்னொரு ஆள் ஏகாம்பரம்தானே. சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் போட்டேன், பால் பூத்தில் போட்டேன், ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் போட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். என் பிள்ளைக்கு இவ்வளவு ரசிகர்களா என்று பூரித்துப் போனேன். ரூம் பையன்கள் அந்த வரி வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். "ஏன்டா ஓடுறீங்க, முழுசா கேளுங்கடா" என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வைத்தேன்.

கடைசியாகப் பள்ளத்தெருவுக்கு இறங்கிப் போனேன். சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு வம்பு பேசத் துணை அவள்தான் என்பது உனக்குத் தெரியும். பாட்டைப் போட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த அக்கா யாருன்னு தெரியுதாடி?" என்றேன்.

"தெரியுதே."

"ஏகாம்பரம் பொண்டாட்டி. இன்னா பொருத்தம் பாத்தியா."

"அவங்க வூட்ல ஏதுடி மோட்டாரு? லாரி தண்ணிதானே ஊத்திக்கிறாங்க" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொரு வாட்டி போடு. கண்ண மூடிகினு கேளு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "யார்ரா அது" என்பதில் அந்த "யா" மேலே ஏறி, "மோட்டார" என்கிற இடத்தில் மூக்குக்குள் போய், "பண்ணு"வில் கதவைச் சாத்துகிற மாதிரி முடிகிறது. காலை ஐந்தரை மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் அந்த லைன் வீட்டைப் பார்த்து நான் கத்துகிற கத்தல். தெருவில் நாய்க்குக்கூட அது மனப்பாடம். என் குரல் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. ஊர் முழுக்க ஸ்பீக்கர் வைத்து என்னையே நான் கேலி செய்துகொண்டு வந்திருக்கிறேன், அதுவும் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு கொடுத்து.

சத்தம் மட்டும் என்றால் நானும் சிரித்திருப்பேன். மோட்டார் கிடக்கட்டும், தண்ணீர் ஏன் அந்த வாசலில் வந்து நின்றது என்பதுதான் குத்தியது. உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நம் பின்கட்டில் ஓர் ஓடை போனது, ரெண்டு ஆள் கை கோத்து நின்றால் அடைந்துவிடுகிற அகலம். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். மழை வந்தால் மேட்டுத் தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்டு, பள்ளத்தெருவைத் தொடாமல் சுற்றி, ஏரிக்குப் போகும். அந்த வருஷம் கம்பெனிகள் வரிசையாக வந்தன, தெற்கிலிருந்து பையன்கள் பையோடு வந்து "ரூம் இருக்கா" என்று கதவைத் தட்டினார்கள். நம் மனையில் நாலு ரூம்தான் வந்தது. ஆறு கட்டினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. உங்கப்பா, வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனுஷன், அதில் ஒன்றை அன்றைக்குச் செலவழித்தார்: "அது தண்ணி போற வழி." நான் அவருக்குப் பத்து வாக்கியம் பதில் சொன்னேன். காய்ந்த ஓடைக்கு யார் வரப் போகிறார்கள், ஏகாம்பரம் மட்டும் மதிலை ஓடைக்குள் தள்ளிக் கட்டவில்லையா, கம்பெனிக்காரன் ஏரி மாதிரி இடத்தையே வளைக்கிறான், நான் ரெண்டு ரூம் போட்டால் குடி முழுகுமா. லோடு லோடாக இடிகல்லைக் கொட்டினது நான். உங்கப்பா எந்தப் பேப்பரிலும் கையெழுத்துகூடப் போடவில்லை. அஞ்சாம் நம்பரும் ஆறாம் நம்பரும் அந்த ஓடையின்மேல் உட்கார்ந்தன. கொஞ்ச நாளில் அது ஓடை என்பதே எனக்கு மறந்துவிட்டது. "பின்பக்கம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பெரு மழை. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால் அடையாற்றுப் பக்கம் வெள்ளம் என்று எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் பள்ளத்தெருவில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா. பெரிய அண்டாவில் எலுமிச்சைச் சோறு கிளறி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வீடு வீடாகக் கொடுத்தேன். நீகூட என்னோடு தட்டுத் தூக்கி வந்தாய். "மகராசி, நீ நல்லா இருக்கணும்" என்று எனக்குக் கை கூப்பினார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன். எனக்கு நடிப்பு வராது, நிஜமாகவே என்னை நல்லவள் என்றுதான் நினைத்தேன். வழி தெரியாமல் அவர்கள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை அனுப்பி வைத்தவளே சோற்றையும் கொண்டு போயிருக்கிறாள். இந்த வாக்கியத்தை எழுத மட்டும் ரெண்டு நாள் ஆனது.

இதெல்லாம் சரோஜா வீட்டிலிருந்து நம் வீடு வருகிற ஐந்து நிமிஷ நடையில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவுடன் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நீயும் அங்கேதானே இருந்தாய். உள்ளே வந்ததும் செருப்பைக்கூட விடாமல், "அந்த மூணாவது பத்தி பாட்டுல இருக்கக் கூடாது" என்றேன். நீ, "அம்மா, அதுல பேர் இல்லியேமா" என்றாய். அதற்கு நான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இந்த ரூம் வாடகையில படிச்ச வாய்டா அது." உன் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாய். அப்புறம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆல்பம் வந்தது. அந்தப் பத்தி இல்லை. ஆனால் நீ பாட்டைக் குறுக்கவில்லை, வேறு வரியும் எழுதிப் போடவில்லை. செக்யூரிட்டி வருகிறான், டோல்கேட் வருகிறது, அப்புறம் பாட்டு நின்று, பதினாறு தட்டுக்கு முத்துப்பாண்டியின் உறுமி மட்டும் முனகுகிறது. அதற்கு நடுவில் அந்தத் தவளை. மறுபடியும் பல்லவி. "அந்த உறுமி தனியா வர்ற இடம் கீதே, உடம்பு சிலிர்க்குது" என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். எனக்கும் சிலிர்த்தது, வேறு காரணத்துக்காக. அவர்கள் உறுமியைக் கேட்டார்கள், நான் மட்டும் அதில் மோட்டாரை ஆஃப் பண்ணச் சொல்கிற குரலைக் கேட்டேன். ரூம் பையன்கள் அந்த இடம் வந்தால் இப்போது சிரிக்கவில்லை, மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். வாடகைக்கு இருக்கிறவன் மரியாதையாகத் தரையைப் பார்ப்பதைப்போல ஓனருக்கு அவமானம் வேறில்லை. நீ ஆடியில் புனே கிளம்பினாய். ஸ்டேஷனில் நான் முறுக்கு டப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு மழை கொட்டியது. மழை விட்டதும் சரோஜா மஞ்சப்பையோடு மேலே வந்தாள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டு. மழைக்காலம் வந்தால் பள்ளத்தெருக்காரர்கள் மேட்டு வீடுகளில் பையைக் கொடுத்துவைப்பது உனக்குத் தெரிந்ததுதான். அவள் பைக்கு என் பீரோவில் மேல்தட்டு. எத்தனையோ வருஷமாக வாங்கி வைக்கிறேன், அன்றைக்குக் கை நீளவில்லை.

"நான் ஓடையில கல்லு கொட்டினேனே, அதான் காரணம்னு உனுக்கு எப்போலேர்ந்துடி தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ கொட்டின அன்னிக்கேதான்."

"அப்போ ஏன்டி சொல்லல? மத்ததெல்லாம் சொல்றியே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வூட்ல தண்ணி வந்தப்போ மொதல் ஆளா நீதான் சோத்த எடுத்துகினு வந்து நின்ன. வாயில உன் சோத்த வெச்சிகினு எப்படிடி சொல்றது? அப்புறம் சொல்ல நேரமே வரல." பையை என் பக்கம் நீட்டியபடியே, "உப்பு வேற கம்மி" என்றாள்.

பையை வாங்கிப் பீரோவில் வைத்தேன். அன்று சாயங்காலமே உங்கப்பாவிடம் அஞ்சையும் ஆறையும் இடித்துவிடலாம் என்றேன். அவர் எழுந்து போய், பரணிலிருந்து சாக்கில் சுற்றிய கடப்பாரை ஒன்றை இறக்கினார். துருவே இல்லை. "இதுக்கு எப்போ எண்ணெய் போட்டீங்க" என்றால், "வருஷா வருஷம்" என்கிறார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனுஷன் என்னோடு போட்ட ஒரே சண்டை இதுதான், அதையும் பரணில் வைத்துப் போட்டிருக்கிறார். ஆறாம் நம்பர் பையன்கள் ஏற்கெனவே ஒரகடம் பக்கம் போய்விட்டார்கள். முத்துப்பாண்டியிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. "தம்பி, உங்க ஸ்டூடியோவ இடிக்கப் போறேன்" என்றேன். அவன் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, தவளைய என்ன செய்யப் போறிய?" என்றான். பிறகு அவனே மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு உன் ரூமுக்கு நடந்தான். இப்போது அங்கேதான் இருக்கிறான். உன் சட்டையையும் போட்டுக்கொள்கிறான், உனக்கு இருந்ததைவிட அவனுக்கு நன்றாகவே இருக்கிறது. இதுதான் நீ ஃபோனில் கேட்ட இடி சத்தம். கல்லையெல்லாம் அள்ளிப் பழைய மட்டத்துக்குத் தோண்டப் புரட்டாசி முழுக்க ஆனது.

ஐப்பசியில் மழை வந்தது. நானும் சரோஜாவும் குடை பிடித்துக்கொண்டு பின்பக்கத்தில், மன்னிக்க வேண்டும், ஓடை ஓரத்தில் நின்றோம். மேட்டிலிருந்து தண்ணீர் வந்தது. அஞ்சாம் நம்பர் இருந்த இடத்தில் ஒரு நிமிஷம் சுற்றிச் சுழன்றது, அப்புறம் போனது. அவ்வளவுதான். அதுவும் முழுசாகப் போகவில்லை. கீழே ஏகாம்பரம் மதில் பாதி வழியை மறிக்கிறது, அதற்கு மேலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனி காம்பவுண்டுகளைப் பற்றி நான் பேசவே முடியாது, நீதான் பாட வேண்டும். தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஆனால் சரோஜா வீட்டுக் கட்டில் கால் இந்த முறை நனையவில்லை. நான் எலுமிச்சைச் சோறு கிளறவில்லை. அவள் வீட்டில் அவள் சமைத்தாள், எனக்குக் கொடுத்தனுப்பினாள், உப்பு அதிகம்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று இதற்குள் தெரிந்திருக்கும். இருந்தாலும் அம்மா ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஊரில் வீடு பார்க்கும்போது கிச்சன் பெரிதா என்று பார்க்காதே, மழை பெய்தால் வாசல் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஓனரைக் கேள். அவர் "பின்பக்கம்" என்றால் வேறு வீடு பார். நாளைக்கு உனக்கு ஒருத்தி வந்து, நீ தப்பு செய்கிறாய் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால், பத்து வாக்கியம் பதில் சொல்லாதே. கட்டிலுக்கு அடியில் கிடாரை ஒளித்துவைக்கிற வீட்டில் பெண் எடுக்காதே, உன் அம்மா வழிச் சொந்தமாகவே இருந்தாலும். இன்னொன்று, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யாராவது பத்தியை எடுக்கச் சொன்னால் உடனே சரி என்று எடுத்துவிடாதே. அம்மா சொன்னாலும் எடுக்காதே. நீ சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், ஜெயித்து நிம்மதியாக இருந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

உண்மையில் உனக்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். கம்பெனி கேட்டுக்கும் டோல்கேட்டுக்கும் அடுத்து மூன்றாவதாக என்னை வைத்தாயே, அதற்கு. அவர்களை மட்டும் பாடிவிட்டு வந்திருந்தால் நான் காலம் முழுக்க ஸ்பீக்கரோடு சுற்றியிருப்பேன். பேர் போடாமல் பாடினாயே, அதற்கு. நான் கத்தியபோது, தட்டுத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்த அந்தப் பையனாகவே நின்று சரிம்மா என்றாயே, அதற்கு. எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்த பத்தியின் இடத்தை அடைக்காமல் விட்டாயே. பதினாறு தட்டு. நான் கல்லைக் கொட்டி மூடிய மாதிரி நீயும் ஏதாவது நாலு வரியைக் கொட்டி மூடியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்காக அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாய்.

ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் முத்துப்பாண்டி உன் ஃபோனுக்கு ஒன்று அனுப்புவான். ஓடை ஓரத்தில் நின்று அவன் உறுமி வாசிக்க, அந்தப் பத்தியை நான் பாடியிருக்கிறேன். சுருதி இல்லை. மூன்றாவது வரியில் மூச்சு வாங்குகிறது. ஆனால் கடைசி வரிக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை, முதல் தடவையிலேயே சரியாக வந்தது, முத்துப்பாண்டி சிரிப்பதும் அதில் விழுந்திருக்கிறது, அதை வெட்டாதே. அந்தப் பதினாறு தட்டில் இதை வைத்து மறுபடி வெளியே விடு. ஏகாம்பரம் வீட்டு வாசலில் போட்டுக் காட்ட வேண்டிய வேலை எனக்கு இருக்கிறது. இந்த முறை யார் பாட்டு என்று தெரிந்து போடுவேன். உன்னுடைய தவளையும் பின்னால் கேட்கும். பயப்படாதே, அது இப்போது வெளியே இருக்கிறது.

நாலாம் நம்பர் வரைக்கும் மட்டும் ஓனரான,
உன் அம்மா